பட்டம் வாங்கியாயிற்று. நான்கு வருடத்துக்கு முந்தைய என் கல்லூரிப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

நீலப்பேனா:

போன வாரம் பட்டமளிப்பு விழா முடிந்தது. அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மடிக்கணினியில் இடமே இல்லை, சரி, பழைய கோப்புகளை அழிக்கலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு எக்செல் கோப்பு அகப்பட்டது. பெயர் 'கல்லூரி ஒப்பீடு'. பள்ளிக் கடைசி வருடத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நானே செய்தது. 11 கல்லூரிகள், 14 பத்திகள். தரவரிசை, கட்டணம், உதவித்தொகை, படித்து முடித்ததும் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், விடுதி எப்படி, நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, எது முக்கியமோ அதற்கு எடை கூட்டி, கடைசியில் நூற்றுக்கு ஒரு எண் வரும்படி செய்திருக்கிறேன். நான் உயிராய் நினைத்திருந்த கல்லூரிக்கு 91. போய்ச் சேர்ந்த கல்லூரிக்கு 63, பட்டியலில் எட்டாவது வரி.

அந்த 91 கல்லூரியிலிருந்து முடிவு வந்த மாலை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். கடிதத்தின் முதல் வரி, விண்ணப்பித்ததற்கு நன்றி என்றது. அந்த நன்றியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கடைசி வரி வரை படித்தேன், கீழே எங்கேயாவது மாறிவிடும் என்பது போல. மறுபடி மேலிருந்து படித்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் கையை நீட்டி மடிக்கணினியை மூடினார், சாப்பிட வா என்றார். அப்புறம் அதைப் பற்றி வீட்டில் யாருமே பேசவில்லை.

'இடம் கிடைக்காததும் நல்லதுக்குத்தான்' என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அன்றைக்கு நான் அழுதது நியாயமான அழுகை. எனக்குக் குறுகுறுப்பது வேறு ஒன்று. முதல் வருடம் முழுக்க என் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கும், தினமும் இரண்டு துணி எடுப்பேன், துவைத்து மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பேன். அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போகப் போகிறோம், எதற்கு அலமாரியில் அடுக்க வேண்டும் என்று நினைப்பு. பக்கத்து அறையில் இருந்தவர்களின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உடம்பு இங்கே இருந்தது, நான் அந்த 91 கல்லூரியில் வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கடிதம் என்னிடமிருந்து ஒரு மாலைப்பொழுதைத்தான் எடுத்தது. மீதி ஒரு வருடத்தை நானே தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நூலகத்தின் மூன்றாம் மாடிக்குப் போனேன். அங்கே பழைய வரைபடங்களுக்கென்று ஓர் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு வா என்றார். கையுறை வேண்டாமா என்று கேட்டேன். 'கையுறை போட்டால் காகிதம் விரலுக்குத் தெரியாது, ஓரத்தைக் கிழித்துவிடுவாய்' என்றார். ஒரு பெரிய நதி வரைபடத்தை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் விரித்தார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தாள், பழுப்பேறி மடிப்புகளில் துணி ஒட்டியிருந்தது. அந்த நதி இப்போது அந்த இடத்தில் இல்லை, கிழக்கே நகர்ந்துவிட்டது என்று விரலால் காட்டினார். அன்றைக்கு நான் கீழே இறங்கியபோது நூலகம் பூட்டுகிற நேரம். என் கடைசி வருட ஆய்வு அந்த நதியைப் பற்றியதுதான். இனி மேல்படிப்பும் அதில்தான்.

என் அட்டவணையில் அந்த நூலகத்துக்கு நான் போட்டிருந்தது பத்துக்கு 4. புத்தக எண்ணிக்கை குறைவு என்று.

கேட்க வந்தது இதுதான். படித்து முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இல்லாமல் போன பத்தி எது?

படித்துறை:

நான் அந்தப் பக்கத்து ஆள். எனக்கு முதல் தெரிவே கிடைத்தது. ஊரே கொண்டாடியது. முதல் பருவத் தேர்வில் வகுப்பிலேயே கடைசி மதிப்பெண்களில் ஒன்று என்னுடையது, பள்ளியில் 12 வருடம் முதலாவதாக வந்தவனுக்கு அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. வீட்டில் சொல்ல மூன்றாம் வருடம் ஆயிற்று. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய இடம், இதில் நன்றாக இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் ஒரு வருடம் தள்ளித்தான் முடித்தேன். நான் சேர்த்திருக்க வேண்டிய பத்தி, தோற்றுப்போனால் இங்கே யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பது. சேரும் முன்பே விசாரிக்க முடிகிற விஷயம்தான் அது. பின்தங்கும் மாணவரை அந்தத் துறை என்ன செய்கிறது, ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நடுப்பக்கம்:

நீலப்பேனா சொல்வதை அப்படியே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எலிசபெத் டன், டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் 2003இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் விடுதிகளுக்கு ஒதுக்குவார்கள். ஒதுக்கும் முன்பே மாணவர்களிடம், இந்த விடுதி கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள், அந்த விடுதி கிடைத்தால் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டு வைத்தார்கள். நல்ல விடுதி கிடைத்தால் ஆனந்தம், மோசமானது கிடைத்தால் துக்கம் என்றுதான் பதில். பிறகு உண்மையில் அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டபோது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதிர்பார்த்த அளவு சந்தோஷமும் இல்லை, பயந்த அளவு வருத்தமும் இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது காரணம்தான். கட்டடம், இருக்கும் இடம், அறையின் அளவு, இவையெல்லாம் விடுதிக்கு விடுதி மாறுபடும், அதனால் ஒப்பிடும்போது கண் அங்கேயே போகிறது. கூட இருக்கப்போகும் மனிதர்கள், அந்த உறவு, அதற்கு அவர்கள் கணிப்பில் போதிய எடை கொடுக்கவில்லை. எல்லா இடத்திலும் மனிதர்கள் இருப்பார்கள் என்பதாலேயே அது ஒப்பீட்டில் விழுவதில்லை. அட்டவணை போட்டால் வித்தியாசப்படுவதைத்தானே எழுதுவோம்.

முதல்தலைமுறை:

இந்த இழையை மதியத்திலிருந்து படிக்கிறேன், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் முக்கியமில்லை, எங்கே போனாலும் ஒன்றுதான் என்கிற இடத்துக்குப் பேச்சு போகிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் 'பெற்றோர் படித்த கல்லூரி' என்று ஒரு கட்டம் இருந்தது, வெறுமையாக விட்டேன். கட்டண விலக்கு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர்கூட இல்லை. இப்படி வருகிறவருக்குக் கல்லூரியின் பெயர்தான் சிபாரிசுக் கடிதம், வேறு ஒன்றும் கையில் கிடையாது.

ஆய்வு என்று சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். 1976இல் கல்லூரி சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களில், பெரிய பெயருள்ள இடத்துக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் கிட்டத்தட்ட ஒரே அளவு சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்விலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய கல்லூரி வருமானத்தைக் கூட்டியது. 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் அமெரிக்காவின் மிக உயர்ந்த 12 தனியார் கல்லூரிகளை வைத்துச் செய்த ஆய்விலும், சராசரி வருமானம் பெரிதாக மாறவில்லை, ஆனால் உச்சியில் இருக்கும் 1 சதவீத வருமானக்காரர் ஆகும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. அதே ஆய்வில், ஒரே தேர்வு மதிப்பெண் இருந்தும், அந்த உச்சி 1 சதவீத வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, கதவு இருப்பது உண்மை, அது யாருக்கு எளிதாகத் திறக்கிறது என்பதும் தெரிகிறது. வெளியே நிற்பவரிடம் கதவே முக்கியமில்லை என்று சொல்லாதீர்கள்.

நீலப்பேனா:

முதல்தலைமுறை, நீங்கள் சொல்வது சரி. என் பதிவை மறுபடி படித்துப் பார்த்தேன். என் அட்டவணையில் கட்டணம், உதவித்தொகை இரண்டுக்கும் போட்ட எடை மிகக் குறைவு, எங்கே கிடைத்தாலும் வீட்டில் எப்படியாவது கட்டிவிடுவார்கள் என்ற தைரியம் இருந்தது. உங்களுக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது. பெயர் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கிடைக்காமல் போன பிறகு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். கட்டண விலக்கு பற்றித் தனியாக ஓர் இழை போடுவீர்களா? தேதி, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

முதல்தலைமுறை:

போடுகிறேன். இந்த வாரக் கடைசியில்.

கோப்பறை:

விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையில் மூன்று சேர்க்கைப் பருவம் இருந்தேன், எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை அனுப்பும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வடிகட்டலில் தகுதி இல்லை என்று போகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அதற்கப்புறம் மேசையில் மிஞ்சும் கோப்புகளில் பெரும்பாலானவை, இவர் இங்கே வந்தால் நன்றாகப் படிப்பார் என்று நாங்களே குறித்தவை. அவை இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு. அப்புறம் நடப்பதெல்லாம் அந்த வருடத்தின் தேவை. இந்தத் துறையில் ஆள் போதவில்லை, அந்தத் துறையில் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, உதவித்தொகைப் பணம் இவ்வளவுதான் மிச்சம். ஒரே கோப்பு முந்தைய வருடம் வந்திருந்தால் உள்ளே போயிருக்கும் என்று எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஒரு பெண் தன் பாட்டிக்குக் கண் தெரியாமல் போனதிலிருந்து தினமும் செய்தித்தாள் படித்துக் காட்டுவதைப் பற்றி எழுதியிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள், எந்தச் செய்தியைத் தாண்டிவிடுவாள், தாண்டினால் பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அத்தனையும் இருந்தது. அறையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளுக்கு இடம் கொடுக்க முடியவில்லை. அவளுக்குப் போனதும் அதே கடிதம்தான், அதே நன்றி. நாங்கள் அவளைப் படித்தோம், பேசினோம் என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, அது இன்னும் என்னை உறுத்துகிறது.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கல்லூரி, இருக்கும் இடங்களைவிட அதிகம் பேருக்கு அழைப்பு அனுப்பும், அதில் எத்தனை பேர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு கணிப்பு வைத்திருக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டால் காத்திருப்புப் பட்டியல் அசையவே அசையாது. குறைந்தால்தான் அசையும். அது முன்பின் தெரியாத மற்றவர்களின் முடிவு, உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை. அதனால் கையில் இருக்கும் இடத்தை முதலில் உறுதி செய்துவிட்டு அப்புறம் காத்திருங்கள்.

கணக்குப்பிள்ளை:

மதிப்பெண் வரிசைப்படி ஒரே இடத்தில் விருப்பப் பட்டியல் வாங்கி இடம் ஒதுக்கும் முறைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இதில் பயந்து தப்புச் செய்கிறார்கள். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இல் இதைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் முதல் விருப்பத்தைக் கேட்கட்டும், கல்லூரி தற்காலிகமாக மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், இன்னும் தகுதியானவர் கேட்டால் முன்னவரை விடுவிக்கட்டும், விடுபட்டவர் அடுத்த விருப்பத்துக்குப் போகட்டும். இப்படியே ஓடி நின்றால், 'நானும் அந்தக் கல்லூரியும் ஒருவரையொருவர் இதைவிட அதிகம் விரும்புகிறோம்' என்று சொல்லும்படி எந்த ஜோடியும் மிஞ்சாது. ஷேப்லிக்கும், இதை நடைமுறைக்குக் கொண்டுபோன ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008லேயே இறந்துவிட்டார்.

மாணவருக்கு இதில் உள்ள பலன் என்னவென்றால், இந்த முறையில் உண்மையான விருப்ப வரிசையைக் கொடுப்பதுதான் நல்லது. 'முதலில் பெரிய கல்லூரியைப் போட்டு வீணாக்கிவிட்டால் இரண்டாவதும் போய்விடுமே' என்று பயந்து மாற்றி எழுத வேண்டியதில்லை. முதலாவது கிடைக்காவிட்டாலும் இரண்டாவதில் உங்கள் முறை அப்படியே இருக்கும். ஆனால் இத்தனை கல்லூரிதான் எழுதலாம் என்று வரம்பு வைத்திருந்தால் இந்த உறுதி கிடையாது, அப்போது பட்டியலில் நிச்சயமாகக் கிடைக்கும் ஒன்றிரண்டு இருந்தாக வேண்டும். எல்லா இடத்திலும் இதே முறை இல்லை, விதிகளைப் படியுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தச் சூத்திரம், நீங்கள் கொடுக்கும் விருப்ப வரிசையைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும். அந்த வரிசை எங்கிருந்து வந்தது, யார் சொல்லி வந்தது என்று அது பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும், நீலப்பேனாவின் 63 அந்த இடத்தில்தான் வருகிறது.

ஈரம்:

நான் ஒரு அம்மா. மகன் இந்த வருடம்தான் முடித்தான். நீலப்பேனா, உங்கள் அப்பா மடிக்கணினியை மூடினார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். நானும் அதையேதான் செய்தேன், மகனின் கைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவன் அதை ரொம்ப நாள் வேறு மாதிரி நினைத்திருக்கிறான், அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது என்று. எனக்குப் பயம்தான், அவன் முகத்தைப் பார்த்து. என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன், கடைசியில் அந்த மௌனம்தான் தப்பாகிப் போயிற்று. போன மாதம்தான் இதைப் பேசிக்கொண்டோம். முடிந்தால் உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள் அம்மா.

காத்திருப்பவன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முடிவு வருவது நாளைக்கு. இந்த இழையை இரண்டு தடவை படித்துவிட்டேன். நீலப்பேனா அக்கா, நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும்? தப்பாக நினைக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். எனக்குக் கை நடுங்குகிறது.

நீலப்பேனா:

தம்பி, கை நடுங்கட்டும், பரவாயில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உனக்குச் சரிப்பட்டால் எடுத்துக்கொள். பின்னால் கூட்டம் நிற்க வேண்டாம், கூட ஒருவர் மட்டும் இருக்கட்டும், யார் என்று நீயே முடிவு செய். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு, கிடைக்காவிட்டால் என்னிடம் பேசுங்கள், பேசாமல் இருக்காதீர்கள் என்று. அழுகை வந்தால் அழு. மறுநாள் காலை கோப்பறை சொன்ன மாதிரி கையில் இருக்கும் இடத்தின் கடைசித் தேதியைப் பார். அப்புறம் எங்கே போனாலும், போன அன்றைக்கே பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிடு. மாற்றல் வாங்கும் எண்ணம் இருந்தாலும் சரி, அடுக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பி. பக்கத்து அறையில் இருப்பவர் பெயரைக் கேள்.

ஈரம் அம்மா, நேற்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். நான்கு வருடமாகக் கேட்காததைத் தொலைபேசியில் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், 'நீ அதை மூன்றாவது தடவை படிக்க ஆரம்பித்தாய். அதனால்தான் மூடினேன்.' நான் இரண்டு தடவைதான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணியிருக்கிறார்.

காத்திருப்பவன்:

முடிவு வந்தது. காத்திருப்புப் பட்டியல். தங்கை மட்டும் கூட இருந்தாள். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அம்மா அப்பாவை உட்காரவைத்து, கோப்பறை சொன்ன அந்தக் கணிப்புக் கணக்கைச் சொன்னேன், அவர்களுக்கும் புரிந்தது. இன்னொரு கல்லூரியில் கிடைத்த இடத்துக்கு இன்று மதியம் பணம் கட்டிவிட்டோம். கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன் அக்கா.